எண்ணிம நூலகத் துறையில் தமிழ்ப் பட்டதாரிக்கு வழி உண்டா?

வெள்ளவத்தை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுக் கலைமாணிப் பட்டம் பெற்ற நான், தற்போது கொழும்பில் ஒரு தனியார் பாடசாலையின் நூலகத்தில் உதவியாளராகப் பணிபுரிகிறேன். புதிய நூல்களைப் பதிவேட்டில் சேர்ப்பதும், தூயி தசாம்சப் பகுப்பின்படி இலக்கமிட்டு இறாக்கையில் அடுக்குவதும், மாணவர்களுக்கு இரவல் கொடுப்பதுமே என் அன்றாட வேலை. அந்த வேலையை நான் விரும்பியே செய்கிறேன். ஆயினும் பட்டப்படிப்பின் போது ஆய்வுக் கட்டுரைக்காக, ஈழத்துத் தமிழ் நூல்களை இணையத்தில் தரும் ‘நூலகம்’ என்ற வலைத்தளத்தில் பழைய ஈழத்துச் சஞ்சிகைகளைத் தேடிப் படித்த நாள் முதல், அந்தப் பக்கங்களைத் திரைக்குக் கொண்டுவரும் பணியே என் தொழிலாக வேண்டும் என்ற எண்ணம் வலுத்து வருகிறது.

எந்த வாசலால் உள்ளே போவது என்பதுதான் எனக்குத் தெளிவாகவில்லை. இலங்கை நூலகச் சங்கத்தின் டிப்ளோமாவைத் தொடங்குவதா, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவகத்தில் முதுமாணிப் பட்டத்துக்கு நேராக விண்ணப்பிப்பதா, அல்லது மென்பொருள் துறையில் இருக்கும் என் அண்ணா சொல்வது போல இவை இரண்டையும் ஒதுக்கிவிட்டு நிரலாக்கம் கற்பதா? வீட்டில் அம்மா, நிரந்தர அரச நியமனம் கிடைக்காத எந்தப் படிப்பும் பயனற்றது என்கிறார். அவருடைய கவலையையும் நான் அலட்சியம் செய்யவில்லை.

இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். இந்தத் துறையில் நல்ல பாடநூல்களும் தரநியமங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. அரச அலுவலகங்களில் சிங்களம் தேவைப்படுகிறது. அப்படியிருக்க, நான் கற்ற தமிழுக்கு இங்கே தொழில்முறையில் ஏதாவது மதிப்பு உண்டா? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுநிலை நூலகர் எழுதியது:

மகளுக்கு வணக்கம். பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற வகையில், எனக்குத் தெரிந்த பாதையைச் சொல்கிறேன்.

முதலில், எண்ணிம (டிஜிட்டல்) நூலகர் என்பது நூலகருக்குப் புறம்பான வேறொரு தொழில் என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டும். இலங்கையில் அந்தப் பெயரிலேயே விளம்பரப்படுத்தப்படும் பதவிகள் மிகக் குறைவு. ஆனால் பல்கலைக்கழக உதவி நூலகர், ஆராய்ச்சி நிறுவன நூலகர், ஆவணக் காப்பக உத்தியோகத்தர் ஆகியோரின் கடமைகளுக்குள்ளே, நிறுவனத்தின் ஆய்வு வெளியீடுகளை இணையத்தில் சேமித்துத் தரும் நிறுவகக் களஞ்சியத்தைப் பேணுதல், ஆய்வேடுகளை எண்ணிமப்படுத்துதல், மின்சஞ்சிகைகளுக்கு வழிகாட்டுதல் ஆகியவை இன்று தவிர்க்க முடியாதபடி சேர்ந்துவிட்டன. ஆகவே பதவியின் பெயரைத் தேடாமல் கடமைப் பட்டியலைப் படித்துப் பார்த்து விண்ணப்பிக்கும் பழக்கம் உங்களுக்கு வேண்டும்.

படிப்பைப் பற்றி. இலங்கை நூலகச் சங்கம் 1960 இல் தொடங்கப்பட்டது. அதன் டிப்ளோமாவை மூன்று கட்டங்களாகத் தமிழிலும் கற்கலாம் என்பதும், வேலையை விடாமல் கற்கலாம் என்பதும் உங்களுக்குப் பெரிய வசதிகள். 1999 இல் நிறுவப்பட்ட தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவகம் பட்டப்பின் படிப்புகளுக்கு உரியது. களனிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியலுக்கென்றே தனித்துறை நெடுங்காலமாக இயங்குகிறது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் டிப்ளோமாவின் முதற்கட்டத்தை உடனே தொடங்கி, பட்டியலாக்கத்திலும் பகுப்பாக்கத்திலும் கை பழகிய பின்னரே முதுமாணிக்குச் செல்வேன். பட்டியலிட்டுப் பழகாத ஒருவருக்கு முதுமாணி வகுப்பில் சொல்லப்படுபவற்றில் பாதி வெறும் சொற்களாகவே நின்றுவிடுகின்றன. இதை மாணவர்களிடம் நான் நேரிலே கண்டிருக்கிறேன். பல ஆண்டுகள் நூலகத்தில் இருந்துவிட்டு வந்தவர்களுக்கோ அதே வகுப்பு, தாம் நாள்தோறும் செய்துவந்ததன் காரணத்தை விளக்குவதாக அமையும்.

அம்மாவின் கவலைக்கும் விடை உண்டு. அரச பல்கலைக்கழகங்களில் உதவி நூலகர் பதவி விரிவுரையாளர் தரத்துக்கு இணையானது. அதற்கு நல்ல வகுப்புச் சித்தியுடன் கூடிய பட்டமும், பின்னர் பதவி உறுதிப்பாட்டுக்கும் உயர்வுக்கும் நூலகவியலில் உயர்பட்டமும் ஆய்வு வெளியீடுகளும் எதிர்பார்க்கப்படுகின்றன. இடங்கள் குறைவு, போட்டி அதிகம், காத்திருப்பும் நீண்டது. ஆயினும் பணிப் பாதுகாப்பும் ஆய்வுக்கான வெளியும் ஒருங்கே கிடைக்கும் இடம் இந்தத் துறையில் அதுவே. தேசிய நூலகம், தேசிய சுவடிகள் திணைக்களம், பாராளுமன்றம், மத்திய வங்கி ஆகியவற்றிலும் நூலக, ஆவணப் பணிகள் இருக்கின்றன. வர்த்தமானியையும் அந்தந்த நிறுவனங்களின் வலைத்தளங்களையும் ஒழுங்காகப் பார்த்து வாருங்கள். அரச சேவையை நாடுவதாயின் பேச்சளவுச் சிங்களத்தோடு நிற்காமல் வாசிக்கவும் எழுதவும் இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

தமிழ் கற்றுவிட்டு இதற்குள் வரலாமா என்று தயங்க வேண்டாம். நூலகவியலுக்கு அடித்தளமிட்ட சீர்காழி இரங்கநாதன் கணித விரிவுரையாளராக இருந்தவர். 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக நியமனம் பெற்ற பின்னரே இலண்டனுக்குச் சென்று நூலகவியல் கற்றார். ‘நூலகவியலின் ஐந்து விதிகள்’ என்ற அவருடைய நூல் வெளிவந்த ஆண்டு 1931. வேறு துறையிலிருந்து வருபவர் தம் துறையின் ஒழுங்கையும் உடன் கொண்டுவருகிறார் என்பதே என் அனுபவம்.

ஏட்டுக்கட்டு எழுதியது:

தங்கச்சி, நான் கொழும்பில் ஆவண எண்ணிமப்படுத்தல் பணியில் இருப்பவள். உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும், ஆனால் கொஞ்சம் நீளமாக, விடை சொல்கிறேன். தமிழுக்கு இங்கே மதிப்பு உண்டு. அந்த மதிப்பு எங்கே இருக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால், எதைக் கற்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெளிவாகும்.

வெளியில் இருப்பவர்கள் எங்கள் வேலையை மின்வருடியின் (ஸ்கானர்) முன் அமர்ந்து பக்கம் புரட்டுவதாகவே எண்ணுகிறார்கள். அது வேலையின் மிகச் சிறிய பகுதி. கவனமுள்ள எவரும் அதைச் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். குறைந்தது 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) செறிவில் வருடுவது, மூலப் படிமத்தைத் தரம் குறையாத ரிஃப் (TIFF) கோப்பாகச் சேமித்து வாசகருக்கான பிடிஎஃப் கோப்பை அதிலிருந்து தனியாக உருவாக்குவது போன்ற விதிகளைப் பழகிவிட்டால் போதும். வேலை கடினமாவது அதன் பிறகுதான். வருடிய அந்தக் கோப்பு யாருடைய எழுத்து, எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு, எதைப் பற்றியது என்று எழுதிவைக்காவிட்டால், அது வன்தட்டில் இருந்தும் இல்லாததற்குச் சமம். இப்படி எழுதிவைக்கும் தகவலைத்தான் மீதரவு என்கிறோம். 1995 இல் ஒஹையோ மாநிலத்தின் டப்ளின் நகரில் நடந்த பட்டறையிலிருந்து உருவான டப்ளின் கோர் என்ற எளிய தரநியமத்தில் தலைப்பு, ஆக்கியோர், திகதி போன்ற பதினைந்து புலங்கள் உள்ளன. அவற்றின் பெயர்களை ஒரே மாலையில் மனனம் செய்யலாம். ஒரு பழைய தமிழ் நூலைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றைச் சரியாக நிரப்புவதற்கோ தமிழ்க் கல்வி முழுவதும் தேவைப்படுகிறது.

ஆசிரியர் பெயரையே பாருங்கள். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியின் தமிழ் நூல்களில் அவர் பெயர் முதலெழுத்தோடு அச்சாகியிருக்கும். அவருடைய ஆங்கில நூல்களில் பெயர் ‘எஸ்’ (S) எழுத்தில் தொடங்கும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் எழுத்துப்பெயர்ப்பு விதி தமிழ்ச் சகரத்துக்கு ‘சி’ (C) என்ற ரோம எழுத்தைத் தருவதால், அந்த விதியைப் பின்பற்றும் பட்டியல்களில் அவர் வேறொரு எழுத்தின் கீழ் வந்துவிடுகிறார். வடிவங்களை ஒன்றோடொன்று இணைக்காத பட்டியலில் ஒரே அறிஞர் மூவராகச் சிதறிப்போவார். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. கணபதிப்பிள்ளை என்று மட்டும் பதிந்துவிட்டால், 1903 முதல் 1968 வரை வாழ்ந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையும், 1899 முதல் 1986 வரை வாழ்ந்த பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளையும் ஒருவராகிவிடுவார்கள். ஒருவருக்கு ஒரே நிலையான பெயர் வடிவத்தை நிர்ணயித்து, ஏனைய வடிவங்களை அதனோடு பிணைத்து, உலக நூலகங்களின் பெயர்ப் பதிவுகளைத் தொகுக்கும் வயாஃப் (VIAF) கோப்போடும், விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கித்தரவோடும் இணைப்பது இன்றைய எண்ணிம நூலகரின் முதன்மையான கடமைகளில் ஒன்று. ஈழத்து இலக்கிய வரலாறு தெரியாத ஒருவரால், எவ்வளவு சிறந்த மென்பொருள் இருந்தாலும், இதைச் செய்ய முடியாது.

ஆண்டும் அப்படித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களின் முகப்புப் பக்கத்தில் விரோதி வருஷம் சித்திரை மாதம் என்று மட்டும் இருப்பதைக் காண்பீர்கள். அறுபது ஆண்டுச் சுழற்சியில் விரோதி 1829 இலும் தொடங்கியது, 1889 இலும் தொடங்கியது, 1949 இலும் தொடங்கியது. அச்சகம், எழுத்துரு, சிறப்புப்பாயிரம் கொடுத்தவர்கள், நூலுக்குள் குறிப்பிடப்படும் நிகழ்ச்சிகள் ஆகியவற்றைக் கொண்டுதான் எந்த விரோதி என்று முடிவு செய்ய வேண்டும். தமிழ்ச் சிறப்புக் கலை மாணவர்கள், நூலின் மூலபாடத்தை ஆராய்ந்து நிர்ணயிக்கும் பாடவிமர்சனத்தில் பழகும் அதே முறைதான் இது.

அடுத்தது எழுத்துக் குறியாக்கம். தொண்ணூறுகளிலும் அதற்குப் பின்னரும் இலங்கையில் தட்டெழுதப்பட்ட தமிழ் ஆவணங்களில் பெருமளவானவை, ரோம எழுத்துகளின் குறியீட்டு இடங்களில் தமிழ் உருவங்களை வைத்த பாமினி எழுத்துருவில் உள்ளன. எழுத்துரு இல்லாத கணினியில் அவை அர்த்தமற்ற ரோம எழுத்துகளாகவே தெரியும், தேடுபொறிக்கும் அகப்படமாட்டா. அவற்றை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றி, மாற்றத்தில் நேர்ந்த பிழைகளைக் கண்ணால் பார்த்துத் திருத்துபவர் தேவை. ஒருங்குறியிலும் பொறிகள் இருக்கின்றன. ‘ஸ்ரீ’ என்ற எழுத்தை இரண்டு வேறு குறியீட்டு வரிசைகளால் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றினாலும் கணினிக்கு அவை வேறு சொற்கள். ‘கொ’ போன்ற எழுத்துகளின் உயிர்க்குறியையும் ஒரே குறியீடாகவோ இரண்டாகப் பிரித்தோ எழுத முடியும். இவற்றை முதலில் ஒரே வடிவுக்குக் கொண்டுவராவிட்டால் தேடலில் பாதி நூல்கள் விடுபட்டுப்போகும். எழுத்துணரி மென்பொருளான டெசராக்ட் தமிழை வாசிக்கிறது. ஆனால் ணா, றா, னா, லை, ணை ஆகியவற்றைப் பழைய வடிவில் அச்சிட்ட நூல்களில் அது அடிக்கடி தடுமாறுகிறது. தமிழகத்தில் 1978 இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முன்னர் அச்சானவை பெரும்பாலும் அந்த வடிவில்தான் இருக்கின்றன. நம் நாட்டில் அந்த வடிவங்கள் அதற்குப் பின்னரும் வழக்கில் இருந்தன.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் படியில்லாதவையும் இருந்தன. நம்மிடையே 2005 இல் நூலகம் திட்டம் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்டதற்கும் இன்று நூலக நிறுவனமாக வளர்ந்திருப்பதற்கும் பின்னால் அந்த இழப்பின் நினைவு இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். அதனால்தான், இந்த வேலையில் தமிழுக்கு மதிப்பு உண்டா என்று நீங்கள் கேட்டபோது மனம் பொறுக்கவில்லை. தமிழ் நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த வேலைக்கு வராததுதான் எங்கள் பெரிய குறை.

நிரல் பழகுநன் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். உங்கள் அண்ணாவின் ஆலோசனையில் பாதியை ஏற்கிறேன். நூலகவியலை ஒதுக்கிவிட்டு நிரலாக்கம் கற்றால் நீங்கள் இன்னொரு மென்பொருள் பொறியியலாளராவீர்கள். அவர்களுக்குக் கொழும்பில் பஞ்சமில்லை. நூலகவியலோடு சேர்த்து அளவான தொழினுட்ப அறிவைப் பெற்றவர்களே அரிது.

அளவான என்று நான் கருதுவது இதுதான். அட்டவணைச் செயலியில் ஆயிரக்கணக்கான பதிவுகளை ஒழுங்குபடுத்தவும், ஓபன்ரிஃபைன் என்ற கட்டற்ற கருவியால் ஒரே பெயரின் பல வடிவங்களைக் கண்டுபிடித்து ஒன்றாக்கவும் தெரிய வேண்டும். தரவுகளைக் குறிச்சொற்களிட்டு எழுதும் எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றைத் திறந்து அஞ்சாமல் வாசிக்கவும், லினக்ஸ் முனையத்தில் கோப்புகளைக் கையாளவும் பழக வேண்டும். பைதானில் சிறு நிரல்கள் எழுதத் தெரிந்தால் மேலும் நல்லது. மென்பொருள்களில், நூலக முகாமைத்துவத்துக்கு நியூசிலாந்தில் உருவான கோஹாவையும், களஞ்சியங்களுக்கு 2002 இல் வெளிவந்த டிஸ்பேஸையும் கற்றுக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணம், மொறட்டுவை உள்ளிட்ட பல பல்கலைக்கழகங்களின் களஞ்சியங்கள் டிஸ்பேஸிலேயே இயங்குகின்றன. இரண்டும் கட்டற்றவை என்பதால் உங்கள் மடிக்கணினியிலேயே நிறுவிப் பார்க்கலாம்.

ஒரு விடயத்தைப் பலர் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். அது நீண்டகாலப் பாதுகாப்பு. 2023 ஒக்டோபரில் பிரித்தானிய நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் பட்டியலே மாதக்கணக்கில் செயலிழந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை ஏற்பட்டதென்றால், ஒரே வன்தட்டில் சேகரிப்பு முழுவதையும் வைத்திருக்கும் சிறு அமைப்புகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். படிகளை வெவ்வேறு இடங்களில் வைப்பதும், செக்சம் எனப்படும் சரிபார்ப்புத் தொகை மூலம் கோப்பு சிதையவில்லை என்று காலத்துக்குக் காலம் உறுதிசெய்வதும் நூலகரின் கடமை. அவற்றைத் தொழினுட்பப் பிரிவிடம் ஒப்படைத்துவிட்டு மறந்துவிடலாகாது.

திட்டப் பணியாளர் எழுதியது:

முன்னையவர்கள் சொல்லாத ஒன்றைச் சேர்க்கிறேன். பல்கலைக்கழகத்துக்கும் அரச சேவைக்கும் வெளியே இந்தத் துறையின் வேலைகள் பெரும்பாலும் நிதி உதவியில் நடக்கும் திட்டங்களாகவே வருகின்றன. நான் முன்பு பணியாற்றிய ஒரு திட்டத்தில் நிதிக் காலம் முடிந்ததும் குழு கலைந்தது. வருடிய படிமங்களில் ஒரு பகுதிக்கு மீதரவு எழுதப்படாமலே போயிற்று. எனவே நேர்முகத் தேர்வில் சம்பளத்தைக் கேட்பதோடு, நிதி முடிந்தபின் சேகரிப்பைப் பராமரிப்பவர் யார் என்றும் கேளுங்கள். அதற்குத் தெளிவான விடையுள்ள இடத்தில் ஒப்பந்தம் குறுகியதாக இருந்தாலும் நீங்கள் கற்பது அதிகமாக இருக்கும்.

பதிப்புரிமைச் சட்டத்தையும் படியுங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் உரிமை நீடிக்கிறது. 1901 இல் மறைந்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் பதிப்புகளை எவரும் வெளியிடலாம். சென்ற தலைமுறை எழுத்தாளரின் சிறுகதைத் தொகுப்புக்கோ அவருடைய குடும்பத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். இலாப நோக்கற்ற நூலகம் தன் சேகரிப்பைப் பாதுகாக்கப் படியெடுப்பதற்குச் சட்டத்தில் இடமுண்டு. அந்தப் படியை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடுவது வேறு செயல். உரிமையாளர்களைத் தேடிச் சென்று, பொறுமையாக விளக்கி, அனுமதி பெறத் தெரிந்தவர்களை நிறுவனங்கள் எளிதில் இழக்க விரும்பமாட்டா.

வெள்ளவத்தை வாசகி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. டிப்ளோமாவின் முதற்கட்டத்துக்கு விண்ணப்பிக்கத் தீர்மானித்துவிட்டேன். ஏட்டுக்கட்டு அக்காவிடம் ஒரு கேள்வி. படிப்பு முடியும் வரை காத்திராமல், நேர்முகத் தேர்வில் காட்டக்கூடிய ஏதாவது ஒரு வேலையை இப்போதே செய்ய முடியுமா? பாடசாலை நூலகத்தில் எண்ணிமப்படுத்தல் எதுவும் நடப்பதில்லை.

ஏட்டுக்கட்டு எழுதியது:

முடியும். உங்கள் பாடசாலையே நல்ல இடம். பழைய பாடசாலை மலர்கள் அங்கே அலுமாரியில் இருக்கும். நான் பார்த்தவரை அவற்றில் பின்னாளில் பெயர்பெற்ற எழுத்தாளர்களின் முதல் ஆக்கங்கள் இடம்பெற்றிருப்பதுண்டு. ஆனால் எந்தப் பட்டியலும் மலரின் தலைப்புக்குக் கீழே இறங்கிக் கட்டுரை வாரியாகப் பதிந்து வைப்பதில்லை. அதிபரின் அனுமதியோடு ஒரு பத்தாண்டு மலர்களை எடுத்து, ஒவ்வோர் ஆக்கத்துக்கும் தலைப்பு, எழுதியவர், ஆண்டு, பக்கம், பொருள் ஆகியவற்றை டப்ளின் கோர் புலங்களின்படி அட்டவணையாக்குங்கள். பெயர் வடிவங்களை நிர்ணயித்த முறையையும், ஐயமான இடங்களில் எடுத்த முடிவையும் அதற்கான காரணத்தையும் தனிக்குறிப்பாக எழுதி வையுங்கள். என்னைப் போன்றவர்கள் நேர்முகத் தேர்வில் முதலில் வாசிப்பது அந்தக் குறிப்பைத்தான். பின்னர் அந்த அட்டவணையை உங்கள் கணினியில் நிறுவிய டிஸ்பேஸுக்குள் ஏற்றிப் பாருங்கள். புலங்கள் பிழைக்கும் இடங்களில் நீங்கள் கற்பவை எந்த வகுப்பிலும் கிடைக்கமாட்டா.

வெள்ளவத்தையிலேயே இருப்பதால் 57 ஆம் ஒழுங்கையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்துக்கும் சென்று வாருங்கள். 1942 இல் தொடங்கிய சங்கம் அது. மலர்களில் ஐயமான பெயர்கள் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ஈழத்து நூல்கள் அங்கே கிடைக்கும். நூலக நிறுவனத்தில் தன்னார்வலராக உதவ முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். அட்டவணையில் முதல் நூறு பதிவுகள் முடிந்ததும் அவற்றை இங்கே இடுங்கள், நான் பார்த்துத் திருத்தம் சொல்கிறேன்.